உதவுவார்க்குரிய ஒழுக்கம்

பிறர்க்கு உதவுவது நல்லது என்பதை யாரும் மறுப்பதில்லை. ஆனால், எவ்வாறு உதவுவது என்பதைப் பற்றி நாம் மிகுதியாகச் சிந்திப்பதில்லை. மனம் இரங்கினால் போதும். கை தானே வழியை அறிந்துகொள்ளும் என்று எண்ணிவிடுகிறோம். திருவள்ளுவர் அவ்வாறு எண்ணியதாகத் தெரியவில்லை. ஈகை என்னும் அதிகாரத்துக்கு முன்னதாக ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை அவர் அமைத்தார். கொடுப்பதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு என்பதை அந்த வரிசையே நமக்கு நினைவூட்டுகிறது.

சமூகப் பணி என்று இன்று நாம் வழங்குவது, இந்த அறிதலையே ஒரு கல்வியாக வளர்த்தெடுத்த துறையாகும். அத்துறையிலும் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் ஆற்றும் பணி மிக நுட்பமானது. காரணம் எளிது. வளர்ந்த ஒருவருக்கு நாம் தவறான முறையில் உதவ முற்பட்டால், 'வேண்டாம், ஐயா' என்று அவர் விலகிப் போகலாம். குழந்தைக்கு அந்த வாய்ப்பு இல்லை. வறுமையில் வாடும் குடும்பத்துக்கும் அந்த வாய்ப்புக் குறைவு. நாம் ஒரு வீட்டுக்குள் நுழைகிறோம்; கேள்விகள் கேட்கிறோம்; கேட்டதைத் தாளில் எழுதுகிறோம். எழுதியதை வைத்து அக்குழந்தை எங்கே வாழ்வது, யாருடன் வாழ்வது என்பதுகூட முடிவாகிவிடலாம். ஆகவே உதவி என்பது அன்பு மட்டும் அன்று. அஃது ஓர் அதிகாரமும் ஆகும். அதிகாரம் உள்ள இடத்தில் ஒழுக்கம் இருந்தே தீரவேண்டும். அவ்வொழுக்கத்தின் அடிப்படைகள் யாவை என்பதைப் புதுச்சேரியின் கிராமப்புறத்தை, சிறப்பாக வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை, மனத்தில் கொண்டு இங்கே ஆராய்வோம்.

வில்லியனூர், சங்கராபரணி ஆற்றை அடுத்து, திருக்காமீசுவரர் கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த ஊர். சுடுமண் தொழிலுக்குப் பெயர் பெற்றது. பாகூர், பெரிய ஏரியின் பாசனத்தால் நெல் விளையும் பகுதி. உழவுத் தொழிலாளர், மண் வனைவோர், நகரத்து நூற்பாலைகளை நம்பி வாழ்ந்து ஆலைகள் மூடப்பட்டபின் வேறு வேலை தேடியோர், பாகூருக்குக் கிழக்கே பனித்திட்டு, நரம்பை முதலிய கடற்கரை ஊர்களில் மீன் பிடிப்போர் எனப் பலவகைக் குடும்பங்கள் இக்கொம்யூன்களில் வாழ்கின்றன. ஆகவே குழந்தைகளின் இடர்களும் பலவகையாகவே இருக்கின்றன.

இப்பகுதிக்குக் கல்வியைப் போற்றிய நெடிய மரபு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன என்பதைப் பாகூர்ச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. அது கொடை; அதன் பயன் சிலர்க்கே கிட்டியது. பிரெஞ்சு ஆட்சியின்போது 1930இல் புதுச்சேரிப் பள்ளிகளில் மதிய உணவு வழங்கும் முறை தொடங்கிற்று. அது நலத்திட்டம், ஆள்வோர் விரும்பித் தந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமோ 6 வயது முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கட்டணமின்றிக் கற்பதை உரிமையாக்கிற்று. கொடை, நலத்திட்டம், உரிமை என்னும் இந்த மூன்று படிகளையும் நீங்கள் கருத்தில் வைத்துக்கொள்ளல் வேண்டும். மூன்றாம் படிக்கு வந்துவிட்ட பிறகும் முதற்படியின் மனப்பான்மையோடு ஏழைக் குழந்தையை அணுகுபவர் பலர். அக்குழந்தை இரவலன் அல்லன், உரிமையுடையவன். அவன் பெறுவதற்காக நம்மை வணங்க வேண்டியதில்லை. இதுவே இப்பணியின் முதல் விழுமியம்.

இனி, இத்துறை வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். இந்தியாவில் குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் முதன்முதலில் இயற்றியது சென்னை மாகாணமே. 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம் அது. 1930இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் சென்னையில் ஔவை இல்லத்தைத் தொடங்கினார். தேவதாசிக் குலத்திலிருந்து விடுபட்டு வந்த இளம்பெண்களுக்கு விடுதிகள் இடந்தர மறுத்தமையே அவ்வில்லம் பிறக்கக் காரணமாயிற்று. அப்பெண்கள் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. பிறப்பைச் சுட்டும் ஒரு பெயர் அவர்களுக்கு எதிரே கதவை மூடிவிட்டது. பெயரைப் பாராமல் ஆளைப் பார்த்தார் அம்மையார். 1936இல் பம்பாயில் சர் தொராப்ஜி டாட்டா பெயரால் சமூகப் பணிக் கல்லூரி ஏற்பட்டது; 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அவர்களின் முயற்சியால் சென்னைச் சமூகப் பணிக் கல்லூரி தோன்றியது. இரக்கமுள்ளவர்கள் தாமாகச் செய்துவந்த பணியைக் கற்றுத் தேர்ந்து செய்ய வேண்டும் என்னும் எண்ணம் இவ்வாறு வேரூன்றியது.

1957இல் அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரின் லயோலாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஃபெலிக்ஸ் பீஸ்டெக் என்னும் பாதிரியார், உதவுவோர்க்கும் உதவி பெறுவோர்க்கும் இடையே அமைய வேண்டிய உறவை ஏழு நெறிகளாக வகுத்தார். ஒவ்வொருவரையும் தனி மனிதராகக் காணல், அவர் தம் உணர்ச்சியை வெளியிட இடமளித்தல், நம் உணர்ச்சியை அடக்கி ஆளுதல், அவரை உள்ளவாறே ஏற்றல், குற்றத் தீர்ப்புக் கூறாதிருத்தல், தம் வாழ்வைப் பற்றித் தாமே முடிவு செய்யும் உரிமையை மதித்தல், மறைகாத்தல் என்பன அவை. உலகெங்கும் சமூகப் பணி மாணவர்கள் இன்றும் இவற்றைப் பயில்கின்றனர். நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தைகளைப் பற்றி முடிவு செய்வோர் யாவரும் பின்பற்ற வேண்டிய 16 பொதுக் கொள்கைகளைத் தன் மூன்றாம் பிரிவில் வகுத்துரைக்கிறது. ஆகவே இவ்விழுமியங்கள் நல்லோரின் விருப்பமாக மட்டும் நிற்கவில்லை. நாட்டின் சட்டமாகவும் விளங்குகின்றன.

கொள்கையாகக் கேட்கும்போது இவை யாவும் எளியனவாகவே தோன்றும். நடைமுறையில்தான் இவற்றின் அருமை தெரியும். ஒரு குடும்பத்தை நாமே கற்பனை செய்துகொள்வோம்.

வில்லியனூர் கொம்யூனில் ஒரு சிற்றூர். நாட்டு நலப் பணித் திட்ட முகாமுக்காகக் கல்லூரி மாணவர் சிலர் அங்கே செல்கின்றனர். பள்ளி நேரத்தில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன், இடுப்பில் மூன்று வயதுத் தங்கையைச் சுமந்துகொண்டு தெருவில் நிற்கிறான். முத்து என்று அவனுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். இரண்டு மாதமாக அவன் பள்ளிக்குப் போகவில்லை. தந்தை சாராயக்கடைக்குப் போகிறவர் என்று அண்டை வீட்டார் சொல்கின்றனர். உடனே மாணவர் நெஞ்சம் கொதிக்கிறது. தந்தை குடிக்கிறார், ஆகையால் பையன் படிப்பு நின்றது, தந்தையைக் கண்டிக்க வேண்டும், பையனை ஒரு விடுதியில் சேர்த்துவிட வேண்டும் என்று அவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். முத்துவின் படத்தை எடுத்துப் பலரும் பார்க்குமாறு வெளியிட்டு நன்கொடை திரட்டலாம் என்கிறார் ஒருவர். அவர்கள் எண்ணம் நல்லதே. ஆனால் முத்துவை இன்னும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் அங்கு வந்தால் என்ன செய்வார்? முதலில் அவனோடு பேசுவார். அவன் தாயோடு பேசுவார். பேசியபின் வேறு செய்தி ஒன்று வெளிப்படலாம். நடவுக் காலத்தில் தாய் விடியற்காலையிலேயே வயலுக்குப் போய்விடுகிறாள். அங்கன்வாடி திறக்கும் நேரமோ அதற்குப் பின்னர். அவ்விடை நேரத்தில் தங்கையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அவளை அங்கன்வாடியில் விட்டுவிட்டுத் தாமதமாகப் பள்ளிக்குப் போனான் முத்து. வகுப்புக்கு வெளியே நிற்கவேண்டி வந்தது. இரண்டொரு நாள் நின்றபின் போவதையே விட்டுவிட்டான். தந்தையின் குடி அக்குடும்பத்துக்குத் துன்பந்தான், ஐயமில்லை. ஆனால் பள்ளி நின்றதற்கு உடனடிக் காரணம் ஒரு மணி நேர இடைவெளி. அண்டை வீட்டுப் பாட்டியார் அந்நேரம் குழந்தையை வைத்துக்கொள்ள இசைந்தால், தலைமையாசிரியரிடம் சொல்லிச் சில நாள் பொறுத்துக்கொள்ளச் செய்தால், அவன் மீண்டும் வகுப்பில் அமர்வான். விடுதியில் சேர்த்திருந்தாலோ தாய் மகனை இழந்திருப்பாள். தங்கையைப் பார்ப்பார் இன்றி அவள் கூலியையும் இழந்திருப்பாள்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? ஒவ்வொரு குடும்பத்தையும் தனியாக அறிய வேண்டும் என்பது ஒன்று. 'குடிகாரன் வீடு' என்று ஒரு பெயரிட்டுவிட்டால் அந்த ஒரு மணி நேர இடைவெளி நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தீர்ப்புக் கூறாமை என்பதன் பொருளும் இங்கே விளங்குகிறது. தந்தையின் குடியை நல்லது என்று நாம் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவராக அவரை நடத்தினால், அடுத்த முறை அவ்வீட்டுக் கதவு நமக்குத் திறவாது. கதவு மூடிய வீட்டுக்குள் இருக்கும் குழந்தைக்கு நாம் எவ்வாறு உதவ முடியும்? தந்தையையும் ஒரு மனிதராக மதித்துப் பேசினால், குடியை விடுவதற்கு மருத்துவ உதவி உண்டு என்பதை அவர் ஒருநாள் காதுகொடுத்துக் கேட்கக்கூடும்.

சொற்களைப் பற்றியும் இங்கே குறிப்பிட வேண்டும். 1986ஆம் ஆண்டுச் சட்டம், தவறு செய்த சிறுவனைக் 'குற்றம் புரியும் சிறார்' என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நீக்கி, 'சட்டத்தோடு முரண்பட்டவர்' என்று மாற்றியது. 'புறக்கணிக்கப்பட்டவர்' என்பதையும் நீக்கி, 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்றது. இது வெறும் சொல் மாற்றம் அன்று. முன்னைய சொல் குழந்தையின் இயல்பைப் பழித்தது. பின்னைய சொல் அவனுடைய நிலையைச் சுட்டுகிறது. நிலை மாறக்கூடியது. அலுவலகங்களில் ஒரு குடும்பத்தையே 'அந்தக் கேஸ்' என்று சொல்லும் வழக்கம் உண்டு. 'அநாதை' என்று ஒரு குழந்தையின் காதுபடச் சொல்வாரும் உளர். இவற்றை நாம் விட்டொழித்தல் வேண்டும்.

அடுத்தது, கருத்தைக் கேட்டல். வில்லியனூருக்கு அண்மையில் உள்ள கீழூர் நம் வரலாற்றில் சிறப்பிடம் பெற்றது. 1954 அக்டோபர் 18 அன்று, பிரெஞ்சிந்தியப் பகுதிகள் இந்தியாவோடு இணைவதா என்பது பற்றி மக்களின் பிரதிநிதிகள் 178 பேரிடம் அங்கே கருத்துக் கேட்கப்பட்டது. 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். அதன்பின் நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. ஒரு நாட்டின் எதிர்காலத்தை மாற்றுமுன் அந்நாட்டாரைக் கேட்க வேண்டும் என்பதை நாம் எளிதில் ஒப்புக்கொள்கிறோம். ஒரு குழந்தையின் எதிர்காலத்தை மாற்றுமுன் அக்குழந்தையைக் கேட்க வேண்டும் என்பதும் அதே நியாயந்தான். 1989 நவம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தன்னைப் பற்றிய செய்திகளில் தன் கருத்தைச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது. இந்தியா 1992 டிசம்பரில் அதனை ஏற்றுக்கொண்டது. குழந்தை சொன்னபடியே எல்லாம் செய்ய வேண்டும் என்பது இதன் பொருள் அன்று. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதன் சொல்லுக்கு மதிப்புத் தர வேண்டும். ஏற்க இயலாதபோது ஏன் இயலவில்லை என்பதை அதற்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும் என்பதே பொருள்.

குடும்பங்களையும் ஊர்களையும் கேட்டுச் செயற்படுவதற்கு இப்பகுதியிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமத் தகவல் நிலையங்களைத் தொடங்கியபோது, மக்களுக்கு எந்தெந்தச் செய்தி தேவை என்பதை முதலில் அவர்களிடமே கேட்டறிந்தது. சாதி, பால் வேறுபாடின்றி யாவரும் வந்துபோகக்கூடிய பொது இடத்தையே ஊரார் அதற்குத் தரவேண்டும் என்றும் வரையறுத்தது. இந்தப் பின்னைய வரையறை சமூகப் பணியாளர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டியது. ஊர்த்தெரு வேறு, காலனி வேறு என்று பிரிந்து கிடக்கும் கிராமத்தில் நீங்கள் எந்தத் தெருவில் முதலில் நுழைகிறீர்கள், எந்த வீட்டில் அமர்கிறீர்கள், எந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள் என்பதை ஊரார் பார்த்துக்கொண்டே இருக்கின்றனர். சமத்துவத்தைப் பற்றி நீங்கள் பேசப்போகும் பேச்சைவிட அது அவர்களுக்கு நன்றாக விளங்கும்.

மறைகாத்தல் என்பது சிற்றூரில் மிகக் கடினமான ஒழுக்கம். நகரத்தில் அண்டை வீட்டார் பெயரே நமக்குத் தெரிவதில்லை. சிற்றூரிலோ ஒரு வீட்டு வாயிலில் அலுவலக ஜீப்பு நின்றாலே செய்தி ஏரிக்கரை வரை பரவிவிடும். வாய் திறந்து ஒன்றும் சொல்லாமலே ஒரு குடும்பத்தின் மானத்தை நாம் கெடுத்துவிட முடியும். ஆகவே அனுபவமுள்ள பணியாளர் அவ்வீட்டாரை அங்கன்வாடியிலோ, நலவாழ்வு மையத்திலோ, நாலு பேர் வந்துபோகும் நாளில் இயல்பாகச் சந்திப்பார். குறிப்பேட்டைக் கண்ட இடத்தில் திறந்து வைக்கமாட்டார். தேநீர்க் கடையில் பெயர் சொல்லிப் பேசமாட்டார். இளைஞர் நீதிச் சட்டமும் பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் முதலியவற்றை வெளியிடுவதைத் தடுத்துள்ளது. மீறுவோர்க்குத் தண்டனையும் உண்டு. முத்துவின் படத்தை வெளியிட்டு நன்கொடை திரட்டலாம் என்ற மாணவர் இதனை அறிந்திருக்கவில்லை. அப்படம் அவன் வளர்ந்து வேலைக்குப் போகும் காலத்திலும் அவனைப் பின்தொடர்ந்து வரும் என்பதையும் அவர் எண்ணியிருக்கமாட்டார்.

ஆனால் மறைகாத்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. குழந்தை ஒன்று தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொல்ல வாயெடுக்கும்போது, 'யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள்' என்று கேட்கக்கூடும். அந்த வாக்கை நாம் கொடுக்கலாகாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். பொய் வாக்குக் கொடுத்துப் பிறகு மீறினால், குழந்தை இனி எவரையும் நம்பாது. 'உன்னைக் காப்பாற்றுவதற்குத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன். வேறு ஒருவரிடமும் சொல்லமாட்டேன். சொல்லும்போது உனக்குத் தெரிந்தே சொல்வேன்' என்பதே நாம் கொடுக்கத்தக்க உண்மையான வாக்கு.

இனி, இப்பணியிலேயே கடினமான கேள்விக்கு வருவோம். குழந்தையைக் குடும்பத்திலேயே விட்டுவைப்பதா, பிரித்தெடுப்பதா?

இக்கேள்விக்குத் தவறாக விடை சொன்னதன் விளைவை ஆஸ்திரேலிய நாடு அனுபவித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1970ஆம் ஆண்டுகள் வரையில் அந்நாட்டுப் பழங்குடிக் குழந்தைகள் பலர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, விடுதிகளிலும் பிறர் வீடுகளிலும் வளர்க்கப்பட்டனர். குழந்தைகளின் நன்மைக்காகவே செய்கிறோம் என்றே அதிகாரிகள் பலரும் சொல்லிக்கொண்டனர். தாய்மொழியையும் உறவையும் ஊரையும் இழந்த அக்குழந்தைகளின் துயரத்தை 1997இல் வெளியான விசாரணை அறிக்கை உலகுக்கு உணர்த்தியது. 2008 பிப்ரவரி 13 அன்று அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

அப்படியானால் எப்போதும் பெற்றோரிடமே விட்டுவிடலாமா? இங்கிலாந்தில் மரியா கோல்வெல் என்னும் சிறுமி குழந்தைப் பருவத்திலிருந்து அத்தை வீட்டில் வளர்ந்துவந்தாள். பெற்ற தாயிடம் வாழ்வதே முறை என்று கருதி, 1971இல் அவளைத் தாயிடம் ஒப்படைத்தனர். போக மனமில்லை என்பதை அவள் பலவகையிலும் காட்டினாள். அண்டை வீட்டாரும் பள்ளியாரும் அவள் படும் பாட்டைக் கண்டு புகார் சொன்னார்கள். 1973 ஜனவரியில், ஏழாம் வயதில், மாற்றாந்தந்தையின் அடியால் அவள் இறந்தாள். ஒவ்வோர் அலுவலகத்துக்கும் ஒவ்வொரு செய்தி தெரிந்திருந்தது. அவற்றை ஒன்று சேர்த்துப் பார்ப்பார் இல்லை என்பதை 1974இல் வெளியான விசாரணை அறிக்கை எடுத்துக்காட்டியது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் எதிரெதிரான தவறுகளாகத் தோன்றுகின்றன. ஆழ்ந்து நோக்கினால் இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஓரிடத்தில் 'பழங்குடிப் பெற்றோர் தகுதியற்றவர்' என்னும் முடிவும், மற்றோரிடத்தில் 'பெற்ற தாயே சிறந்தவள்' என்னும் முடிவும் முன்கூட்டியே இருந்தன. எதிரில் நின்ற குழந்தையை அம்முடிவுகள் மறைத்துவிட்டன. ஆகவேதான் நம் சட்டம் குழந்தையின் மிகச் சிறந்த நலனே தலைமையான அளவுகோல் என்கிறது. குழந்தையை வளர்க்கும் முதற்பொறுப்பு குடும்பத்துடையது என்றும், நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்றும், அதே வேளையில் குழந்தையின் பாதுகாப்பு எந்நிலையிலும் உறுதி செய்யப்பட வேண்டும் என்றும் உடன் உரைக்கிறது. வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டிக் குழந்தையைப் பிரிக்கலாகாது என்பதை 2009இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற வழிகாட்டு நெறிகள் வலியுறுத்துகின்றன. கூரை ஒழுகினால் கூரையை வேயத்தான் உதவ வேண்டும். குழந்தையை வீட்டைவிட்டு எடுத்துச் செல்வது அதற்கு மருந்தாகாது. ஆனால் அடியும் கொடுமையும் உள்ள வீட்டில் ஒரு நாள் தாமதமும் ஆபத்தே. இவ்வேறுபாட்டை அறிவதுதான் பயிற்சியின் பயன். இத்தகைய முடிவைத் தனி ஒருவர் செய்யலாகாது என்பதாலேயே, தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட குழந்தைகள் நலக் குழுவைச் சட்டம் அமைத்தது. இடருற்ற குழந்தையை 24 மணி நேரத்துக்குள் அக்குழுவின் முன் கொண்டுவர வேண்டும்.

இப்பகுதி மக்கள் இதனை நேரில் அறிந்த காலமும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இக்கடற்கரையைத் தாக்கியது. பெற்றோரை இழந்த குழந்தைகளை வளர்க்க விரும்பிப் பலர் முன்வந்தனர். தமிழ்நாட்டு அரசு அவசரமாகத் தத்துக் கொடுக்க இசையவில்லை. உறவினரைத் தேடி ஒப்படைக்க முயன்றது. யாரும் இல்லாதவர்க்கு நாகப்பட்டினம், கடலூர் முதலிய இடங்களில் இல்லங்களை அமைத்தது. அன்று சிலர்க்கு இது கடுமையாகத் தோன்றியிருக்கலாம். ஆயினும் குழப்பத்தைப் பயன்படுத்திக் குழந்தைகளைக் கடத்துவோரிடமிருந்து காத்ததும், சித்தி, மாமன், பாட்டி என்னும் உறவின் வேரை அறுத்துவிடாமல் வைத்ததும் அந்நிதானமே.

புதுச்சேரிக் கிராமப்புறத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. இந்நிலப்பகுதி ஒரே பரப்பாக அமைந்தது அன்று. தமிழ்நாட்டு ஊர்களோடு பின்னிக் கிடக்கிறது. ஒரு வாய்க்காலைத் தாண்டினால் விழுப்புரம் மாவட்டம். ஒரு சாலையைக் கடந்தால் கடலூர் மாவட்டம். அண்மை ஆண்டுகளில் இருளர் குடும்பச் சிறுவர்கள் வாத்து மேய்க்கும் கொத்தடிமை வேலையிலிருந்து புதுச்சேரிக் கிராமங்களில் மீட்கப்பட்ட செய்திகள் வெளிவந்தன. பெற்றோர் வாங்கிய சிறு முன்பணத்துக்காக, அறுவடையான வயல்தோறும் வாத்துக் கூட்டத்தின் பின்னே அலைந்தவர்கள் அச்சிறுவர்கள். இங்கே குடும்பத்தார் இசைந்தே அனுப்பினர் என்னும் சொல் நிற்காது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடனையே அற்றுப்போகச் செய்கிறது. அதே சமயம் அப்பெற்றோரைப் பிள்ளை விற்றவர் என்று தூற்றுவதும் நீதியாகாது. அவர்களும் அக்கடனுக்கு அடிமைப்பட்டவர்களே. குழந்தை ஓர் ஆட்சியின் எல்லையில். பெற்றோர் மற்றோர் ஆட்சியின் எல்லையில். 'இது எங்கள் எல்லை அன்று' என்று இரு பக்கமும் சொல்லிவிட்டால் குழந்தை வாய்க்காலின் நடுவிலேயே நிற்கும். ஓர் இடத்துக் குழு, குழந்தையின் சொந்த ஊர்க் குழுவுக்கு அதனை ஒப்படைக்கச் சட்டம் வழி செய்துள்ளது. எல்லைக்கு அப்பாலும் செய்தி போய்ச் சேர்ந்ததா, பையன் அங்கே பள்ளியில் சேர்ந்தானா என்று கேட்டறிவதும் பணியாளரின் கடமை.

மாணவ நண்பர்களே, உங்களுள் பெரும்பாலோர் சமூகப் பணியாளராகத் தொழில் செய்யப் போவதில்லை. ஆயினும் முகாம்களுக்குப் போகிறீர்கள். நாளை ஆசிரியராகவோ, மருத்துவராகவோ, கொம்யூன் பஞ்சாயத்து அலுவலராகவோ நீங்கள் ஏதேனும் ஒரு குடும்பத்தின் வாயிலில் நிற்கத்தான் போகிறீர்கள். அப்போது உங்கள் எல்லையை அறிந்திருங்கள். பத்து நாள் முகாமில் ஒரு குழந்தையிடம் 'நான் உன் அண்ணன்' என்று பாசம் காட்டிவிட்டுப் பதினோராம் நாள் மறைந்துபோவது அன்பு ஆகாது. எத்தனை நாள் இருப்பீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். முடியாததை வாக்களிக்காதீர்கள். இடரில் உள்ள குழந்தையைக் கண்டால் நீங்களே துப்பறியவும் தீர்ப்புக் கூறவும் முற்படாமல், அறிந்தவரிடம் தெரிவியுங்கள். 1996இல் மும்பையில் தொடங்கி நாடெங்கும் பரவிய 1098 என்னும் தொலைபேசி எண் அதற்காகவே உள்ளது. குழந்தை தானே அந்த எண்ணுக்குப் பேசலாம் என்பதையும் பள்ளிச் சிறுவர்க்குச் சொல்லி வையுங்கள்.

நாம் உதவி செய்த குடும்பம் நம்மை என்றும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மனித இயல்பு. இப்பணியில் அந்த எதிர்பார்ப்பையும் விட வேண்டியிருக்கிறது. தாய் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு, பையன் தன் பள்ளிக்குத் தானே போய்க்கொண்டு, நம் வருகை இனித் தேவையில்லை என்னும் நிலை அவ்வீட்டில் ஏற்பட்டுவிட்டால், பணி நிறைவேறிற்று என்று பொருள். அந்நிலை விரைவில் வரவேண்டும் என்று விரும்பி உழைப்பவரே குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் உண்மையான துணைவர் ஆவார்.